சோபாவுக்கும் அக்காவுக்கும் ஒரே துணி

பல் டாக்டரம்மாவின் ஸ்கர்ட்டில் டீயைக் கொட்டியது சித்தி. திட்டு வாங்கியது நான்.

"டம்ளரை மிஷின் மேல வைக்காதேன்னு எத்தன தடவ சொல்றது?"

"அது உங்க டம்ளர், சித்தி."

"யாரு டம்ளரா இருந்தா என்ன. வைக்கக் கூடாதுன்னா வைக்கக் கூடாது."

பேசிக்கொண்டே ஈரத் துணியை எடுத்துக் கறையைத் துடைக்க ஆரம்பித்தாள். வெண்ணெய் நிறத்தில் ஆறு துண்டு ஸ்கர்ட் அது. மேலே குறுகிக் கீழே விரிகிற துண்டுகளை வரிசையாக மூட்டி, இடுப்புப் பட்டி வைத்து, ஜிப் வைத்து, முடித்து மாட்டியிருந்தோம். டாக்டரம்மா மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். டீ விழுந்தது சரியாக மூட்டுத் தையலின் மேல். சித்தி அழுத்தித் துடைத்தாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் தொட்டு மறுபடியும் துடைத்தாள். அப்போது ஒரு துண்டு அவள் கையோடு வந்துவிட்டது.

துணி கிழிந்தால் சத்தம் வரும். தையல் பிரிந்தால்கூடப் பட் பட்டென்று வரும். இது சத்தமே இல்லாமல், வெந்த உருளைக்கிழங்கின் தோல் கழன்று வருகிற மாதிரி வந்தது. சித்தி கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். ஹேங்கரில் தொங்கிய மிச்சத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணுமே பண்ணல" என்றாள்.

சித்தி வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதே இல்லை. அது எப்போதும் நான் சொல்கிற வார்த்தை.

துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மேல் நூல் முழுசாக இருந்தது, எதிலும் மாட்டாமல் தலைமுடி மாதிரி நீளமாகத் தொங்கியது. அடி நூலைக் காணோம். அறுந்திருந்தால் பிசிறு பிசிறாக இருக்க வேண்டும். இங்கே அது இருந்த தடமே இல்லை. விரலால் தடவினால் கோந்தைத் தொட்ட மாதிரி பிசுபிசுத்தது. நனையாத இன்னொரு தையலின் நுனியை எடுத்து நாக்கில் வைத்தேன்.

"ஏய், என்ன பண்ற? கஸ்டமர் துணிடி அது."

நாக்கில் அது கரைந்தது.

எங்கள் கடையில் இரண்டு வகைப் பாவாடை தைக்கிறோம். ஒன்று மனுஷர்களுக்கு, இன்னொன்று சோபாவுக்கு. சோபாவின் கால் தெரியாமல் தரை வரைக்கும் சுற்றித் தொங்குமே ஒரு துணி, அதுதான். சோபாவுக்குப் பாவாடையா என்று பாதிப் பேர் சிரிப்பார்கள். சித்தி சிரிக்கமாட்டாள். "சோபா மாதிரி நல்ல கஸ்டமர் கிடையாது. இன்னிக்கு ஒரு அளவு, நாளைக்கு ஒரு அளவுன்னு வராது. லூசா இருக்கு, டைட்டா இருக்குன்னு சொல்லாது" என்பாள். அதில் இருக்கிற ஒரே தொல்லை மடிப்பு. ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்து, கலையாமல் இருக்க மேலே ஓர் ஓட்டுத் தையல் போட்டு, மடித்த துண்டுகளைப் பட்டியில் சேர்த்து மூட்டி, எல்லாம் முடிந்த பிறகு அந்த ஓட்டுத் தையலை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். பிரிக்கிற வேலை என் தலையில். நகமெல்லாம் போய்விடும். ஒரு நாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தண்ணீரில் கரைகிற நூல். ஓட்டுத் தையலை அதில் போட்டால், கடைசியில் ஈரத் துணியால் ஓர் இழுப்பு, நூல் மாயம். அன்றைக்கே சித்தியை அரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"தண்ணில கரைஞ்சா அதுக்குப் பேரு நூல் இல்ல, சர்க்கரை" என்றாள். ஆனாலும் என் தொல்லை தாங்காமல் வாங்கித் தந்தாள்.

அந்த நூலை, மிஷினுக்கு அடி நூல் கொடுக்கிற சில பாபின்களில் சுற்றி, கிரீம் தீர்ந்துபோன ஒரு டப்பாவில் தனியாக வைத்திருந்தேன். ஏனென்றால் பார்வைக்கு அதற்கும் சாதா நூலுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே தடிமன். இப்போது மேஜையில் அந்த டப்பா இல்லை.

"சித்தி, இங்க ஒரு கிரீம் டப்பா இருந்துச்சே."

"அது காலி டப்பாதானே. தூக்கிப் போட்டுட்டேன்."

"காலி இல்ல. உள்ள பாபின் இருந்துச்சு."

"இருந்துச்சு. எடுத்துப் பெரிய டப்பால போட்டேன். ஒரே வெள்ள நூலுக்கு எதுக்கு ரெண்டு டப்பா? மேஜையா இது, எதத் தொட்டாலும் ஒரு டப்பா. நீ எதத்தான் ஒழுங்கா வச்சிருக்க, இத மட்டும்..."

பாதியில் நின்றாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தாள். முக்காலியில் குண்டூசி குத்தி வைக்கிற மெத்தை இருந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"எப்ப எடுத்து வச்சீங்க?"

"வெள்ளிக்கிழம பெருக்குறப்ப."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வெள்ளை நூலில் நாங்கள் தைத்தது மூன்று. டாக்டரம்மாவின் ஸ்கர்ட். நாடகக் கம்பெனியின் சோபாவுக்கு ஒரு பாவாடை, மடிப்பைச் சித்தி சாதா நூலில் கையாலேயே ஓட்டி, மேடைக்குத்தானே என்று பிரிக்காமல் விட்டது. அதே நாடகத்தில், அதே பூப்போட்ட துணியில், அக்காவுக்கு ஒரு ஸ்கர்ட்.

"இன்னிக்குத்தானே அவளுக்கு முதல் ஷோ" என்றாள் சித்தி.

"ஆமா."

"கடைசி சீன்ல தண்ணி கொட்டும்னு சொன்னாளே."

"கொட்டும்போதுதான் சித்தி அவ எந்திரிக்கணும்."

"எந்திரிச்சா?"

"அவ எந்திரிப்பா. ஸ்கர்ட் உக்காந்திருக்கும்."

சித்தி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்த அக்கா. ரொம்ப வருஷமாக நாடகத்தில் இருக்கிறாள். டிரே தூக்கியிருக்கிறாள், கதவு திறந்துவிட்டிருக்கிறாள், ஒரு தடவை பிணமாகப் படுத்திருக்கிறாள். "அந்த நாடகத்துலயே அவதான் நல்லா பண்ணா" என்று மாமா, அதாவது அக்கா புருஷன், இன்றைக்கும் சொல்வார். இப்போதுதான் முதல் முறையாக அவளுக்குக் கதாநாயகி வேஷம். ஒரு வீட்டில் ஒரு பெண், நாடகம் முழுக்கச் சோபாவிலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டில் யாருக்கும் அவள் கண்ணிலேயே படமாட்டாள். அதனால்தான் சோபாவுக்கும் அவளுக்கும் ஒரே துணி வேண்டும் என்று டைரக்டர் கேட்டிருந்தார். சோபா எங்கே முடிகிறது, பெண் எங்கே ஆரம்பிக்கிறாள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாதாம். கடைசியில் கூரை ஒழுகி, தண்ணீர் அவள் தலையிலும் சோபாவிலும் கொட்டும்போது அவள் முதல் தடவையாக எழுந்து நிற்பாள். நின்று ஒரு பக்க வசனம் பேசுவாள்.

வேஷத்தை அவளுக்கு முழுசாகக் கொடுக்கவில்லை. முதல் ஷோ மட்டும்தான் அவளுக்கு. "நல்லா பண்ணா மிச்ச ஷோ எல்லாம் உனக்கு. எங்கயாவது தடுமாறினா நாளைலேர்ந்து அவ" என்று டைரக்டர் வேறொரு பெண்ணைக் காட்டிச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு எல்லாருடைய வசனமும் மனப்பாடம். நாங்கள் வைத்த பேர் டேப் ரெக்கார்டர். அக்காவுக்கும் ஒத்திகையில் எல்லாம் தண்ணீர் பட்ட பாடுதான். எதிரே ஆள் உட்கார்ந்துவிட்டால் மட்டும் மண்டை காலியாகிவிடும். டிரே தூக்குகிற காலத்தில் அதனால் நஷ்டம் இல்லை. இப்போது இருந்தது.

அந்தப் பூப்போட்ட துணியோ சுருங்காத துணி. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அதாவது தைத்த நாளிலிருந்து அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மாமாவுக்குப் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். மாமா லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் இறங்கினால் போனை அணைத்துவிடுவார்.

"பொண்டாட்டி முதல் ஷோவுக்குக்கூட டியூட்டிய மாத்திக்கத் தெரியல இந்த மாப்பிள்ளைக்கு" என்று சித்தி அந்தப் பதற்றத்திலும் ஒரு குத்து குத்தினாள். "நீ ஓடு. நான் கடையப் பூட்டிட்டு வரேன். ஊசி எடுத்துக்கோ. நூல் எடுத்துக்கோ."

நூல்கண்டைக் கையில் எடுத்தேன். நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்தோம். சித்தி அதைப் பிடுங்கி, நுனியை நக்கி, இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது நூல்தான். போ."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. அக்காவின் ஸ்கர்ட்டைத் தைத்தது நான்தான். எந்தத் துண்டை எந்த பாபினில் மூட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பாபின் தீரத் தீரப் பெரிய டப்பாவுக்குள் கையை விட்டு வந்ததை எடுத்து மாட்டினேன். அவ்வளவுதான் ஞாபகம். ஒரு தையல் கெட்டியாக இருந்து பக்கத்துத் தையல் சர்க்கரையாக இருக்கலாம். பஸ்ஸில் எனக்கு முன்னால் இறங்க நின்ற ஓர் அம்மாவின் சட்டைத் தையலை நான் எவ்வளவு நேரமாக முறைத்துக்கொண்டிருந்தேனோ, அவர் திரும்பி, "என்னம்மா, கிழிஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நல்லா இருக்கு. கெட்டியா இருக்கு."

அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அரங்கத்தின் பின் கதவு வழியாக உள்ளே நுழைந்தபோது நாடகம் பாதியைத் தாண்டியிருந்தது. ஓரத் திரைக்குப் பின்னால் டேப் ரெக்கார்டர் நின்றிருந்தாள். மேடையில் யார் எதைப் பேசினாலும் அவள் உதடும் சத்தமில்லாமல் அதையே பேசிக்கொண்டிருந்தது.

"அக்கா எப்படிப் பண்றா?" என்று கிசுகிசுத்தேன்.

"நல்லாத்தான் பண்றாங்க" என்றாள். அவளுக்கு அதில் சந்தோஷம் இல்லை. "ஆனா ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாடியும் ஒரு நிமிஷம் நிறுத்துறாங்க. யாரோ பேசுறதக் கேக்குற மாதிரி. டைரக்டர் அத நடிப்புன்னு நினைச்சு மயங்கிப்போய் இருக்காரு."

எட்டிப் பார்த்தேன். மேடை நடுவில் சோபா. அதன் மேல் அதே பூக்களோடு அக்கா. சோபாவின் பாவாடை தரை வரைக்கும் அழகாக மடிப்பு மடிப்பாக நின்றது. சித்தி தைத்தது. என்ன நேர்த்தி என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

விளக்கு அணைந்தது. கடைசி சீனுக்கு முன்னால் வேறு யாரோ இரண்டு பேர் வாசலில் நின்று சண்டை போடுகிற ஒரு குட்டி சீன். அக்கா இருட்டில் தடவிக்கொண்டே தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தாள். நான் அவள் காலடியில் குனிந்து ஸ்கர்ட்டின் ஓரத்தைப் பிடித்தேன்.

"யாருடி அது. ஏய். என்ன பண்ற?"

"அசையாத. நக்கிப் பாக்கணும்."

"எத?"

"உன் ஸ்கர்ட்ட."

"உனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?"

"கரையிற நூல் கலந்துபோச்சுக்கா. தண்ணி பட்டா துண்டு துண்டா விழுந்துரும். டாக்டரம்மாவோடது விழுந்துருச்சு."

அக்கா தண்ணீர் பாட்டிலை அப்படியே தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது என்கிற மாதிரி.

"டாக்டரம்மா போட்டிருந்தாங்களா?"

"ஹேங்கர் போட்டிருந்துச்சு. பேசாம நில்லு."

உள்பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு மூட்டாக நாக்கை வைத்து ஈரமாக்கி, கொஞ்சம் பொறுத்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். தூசியும் பவுடரும் துணிக்கடைக் கஞ்சியும் கலந்த ஒரு ருசி. முதல் மூட்டு நின்றது. அடுத்தது நின்றது. டேப் ரெக்கார்டர் உதட்டசைவை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள்.

"உங்க வீட்ல எல்லாரும் இப்படியா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்கிற நிலையில் இல்லை. வாய் வேலையாக இருந்தது. ஜிப் பக்கத்து மூட்டு கடைசி. அதையும் இழுத்தேன். நின்றது. இடுப்புப் பட்டியைச் சுற்றி வந்தேன். நின்றது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது.

"கெட்டிக்கா. எல்லாம் கெட்டி. நீ குதி, ஓடு, குளி. ஒண்ணும் ஆகாது."

அக்கா மூச்சை விட்டாள். அப்புறம் கேட்டாள். "அப்ப அந்தக் கரையிற நூல் எங்க போச்சு?"

"டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம். மிச்சம் சோபாவுக்குப் போயிருக்கும். டப்பாலேர்ந்து வெள்ள பாபின் வேற எதுக்கும் எடுக்கல. போனாப் போகுது. சோபா பாவாடை அவுந்தா யாருக்கு என்ன? கால் தெரியும், அவ்வளவுதானே."

என் தோளில் இருந்த அக்காவின் கை இறுகியது. நகம் சட்டைக்குள் இறங்கியது.

"கால் மட்டும் இல்லடி" என்றாள்.

"பின்ன?"

"மாமா தெரிவாரு."

எனக்கு முதலில் அந்த வாக்கியம் விளங்கவில்லை. மாமா டியூட்டியில் இருக்கிறார். மாமா ஏதோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு லிஃப்ட்டுக்கு அடியில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கிறார். பிறகு அந்தப் படத்தில் லிஃப்ட்டை எடுத்துவிட்டுச் சோபாவை வைத்துப் பார்த்தேன்.

"உள்ளயா?"

"அடில. சாயங்காலத்துலேர்ந்து. வசனம் எடுத்துக் குடுக்க." என்றாள் அக்கா. "பின்ன நான் எப்படிடி இவ்வளவு பேசினேன்? எனக்கு ஜனங்க மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் வரல. அவரு கீழேர்ந்து சொல்றாரு, நான் சொல்றேன்."

அந்த நிறுத்தம். யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி.

மேடையில் வாசல் சண்டை முடிந்துகொண்டிருந்தது. யாரோ "ரெடி, ரெடி" என்று அக்காவின் முதுகில் தட்டினார்கள். அவள் இருட்டுக்குள் போனாள். போகும்போது திரும்பி, "டைரக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள்.

தண்ணீரைத் திறக்கிறவரே டைரக்டர்தான். வேறு யாரையும் அவர் நம்பமாட்டார். மேடையின் முன்பக்கம், பக்கச் சுவரை ஒட்டி ஓர் ஏணி, ஏணி உச்சியில் ஒரு டிரம், டிரம்மிலிருந்து மேடைக்கு மேலே ஓட்டை போட்ட குழாய்கள். ஏணியில் ஏறினேன். விளக்கு வந்துவிட்டது. கீழே அக்கா சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"சார்" என்றேன்.

"யாரு நீ? எறங்கு."

"டெய்லர் சார். தண்ணி விடாதீங்க."

"விடாம?"

"பாவாடை அவுந்துரும் சார்."

அவர் கை குழாயின் பிடியில் நின்றது. "யாரு பாவாடை?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவுடையது என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். ஆனால் நான் ஏணிப்படியில் நின்று யோசிக்கிற ஆள் இல்லை. வாயில் இருந்தது வந்துவிட்டது.

"சோபாவோடது சார்."

டைரக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சோபாவுக்கு வெக்கமா இருக்குன்னு சொல்லிச்சா?" என்றார். பிடியைத் திருப்பினார்.

மேலேயிருந்து பார்க்கும்போது மழை அழகாகத்தான் இருந்தது. முதலில் அக்காவின் தலையில், தோளில். பிறகு சோபாவின் கைப்பிடியில். கைப்பிடியிலிருந்து வழிந்து பட்டியில். பட்டிதான் பாவாடையைச் சோபாவோடு பிடித்துக்கொண்டிருந்தது. நான் பட்டியையே பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. சித்தி அந்தத் துண்டுக்கு நல்ல பாபினை எடுத்திருப்பாளோ என்று ஓர் ஆசை வந்தது. அப்போது இடது ஓரத்தில் முதல் துண்டு கழன்று விழுந்தது. சத்தமே இல்லை. மடிப்புகூடக் கலையாமல், அழகாகப் போய்த் தரையில் படுத்துக்கொண்டது. பக்கத்துத் துண்டு அதைத் தொடர்ந்தது. வலது பக்கத்தில் ஒன்று. கடைசியாக நடுத்துண்டு, பாதி தொங்கி, யோசித்து, விழுந்தது.

சோபாவின் நாலு கால்களுக்கு நடுவில் மாமா மல்லாந்து படுத்திருந்தார். டியூட்டிச் சட்டை. வாயில் டார்ச். நெஞ்சின் மேல் வசனப் பேப்பர். காலில் செருப்பில்லாமல் சாக்ஸ் மட்டும், அதில் ஒரு கட்டைவிரல் வெளியே. அவருக்குத் திரை போனது இன்னும் தெரியவில்லை. பேப்பரில் விழுந்த தண்ணீரைச் சட்டைக்கையால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

அத்தனை ஜனமும் ஒரே மூச்சாக உள்ளே இழுத்தது. இழுத்த மூச்சை யாரும் விடவில்லை. அந்த அமைதியில் முன் வரிசையிலிருந்து ஒரு குரல், மறைக்கிற பழக்கமே இல்லாத குரல், தெளிவாகக் கேட்டது.

"இவரு டியூட்டின்னு சொன்னாரே."

சித்தி வந்து சேர்ந்துவிட்டாள்.

மாமா தலையைத் திருப்பினார். டார்ச்சும் திரும்பியது. வெளிச்சம் முன் வரிசை மேல் ஒவ்வொரு முகமாகப் போய்ச் சித்தியின் முகத்தில் நின்றது. டார்ச் வாயிலிருந்து விழுந்தது.

என் பக்கத்தில் டைரக்டர் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அக்கா எழுந்துவிட்டாள். எழ வேண்டிய இடம் அதுதான், அதனால் கால்கள் தானாக எழுந்திருக்க வேண்டும். நனைந்த ஸ்கர்ட்டின் எல்லாத் துண்டும் ஒன்றாக அவளோடு எழுந்தது. அதற்காக நான் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. அவள் ஜனங்களைப் பார்த்தாள். ஜனங்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டுப் போட்டியில் அதே கண்ணோடு நின்று, வாயைத் திறக்காமலே இறங்கி வந்தாள்.

அப்போது மாமா, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், இவ்வளவு நேரமும் செய்த வேலையையே செய்தார். ஊரே பார்க்க, தரையில் படுத்தபடியே, கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுப்பு கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"நான் இங்கதான் இருந்தேன்."

"நான் இங்கதான் இருந்தேன்" என்றாள் அக்கா.

எங்கேயோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பக்கத்து நாற்காலிக்குத் தாவியது.

"உங்க கண்ணு முன்னாடிதான் இருந்தேன்" என்றார் மாமா.

"உங்க கண்ணு முன்னாடிதான் இருந்தேன்."

அடுத்தது வரவில்லை. மாமா பேப்பரை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். தூரப் பிடித்தார். டார்ச்சைத் தேடி எடுத்து அடித்துப் பார்த்தார். அது எரியவில்லை. பேப்பரில் மை மொத்தமும் வழிந்து அவர் சட்டையில் நீலமாக இறங்கியிருந்தது. அவர் பேப்பரை அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டித் தலையை ஆட்டினார். இல்லை. போச்சு.

அக்கா குனிந்து அவரையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. பிறகு அவள் கேட்டாள், எந்த நாடகத்திலும் இல்லாத, எங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்கிற அதே குரலில்.

"முதுகு வலிக்குதா?"

"இல்ல" என்றார் மாமா. "நீ பேசு."

அவள் விழுந்து கிடந்த துண்டுகளைத் தாண்டி இரண்டடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள். நான் மேலேயிருந்து அவளைப் பார்க்கவில்லை. எதிர் ஓரத்தில் நின்ற டேப் ரெக்கார்டரின் உதட்டைப் பார்த்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல். அக்காவின் குரல் வந்தது, அந்த உதடு அதே வார்த்தைக்கு அசைந்தது. அடுத்த வரி, அசைந்தது. ஓர் இடத்தில் உதடு ஒன்றைச் சொல்ல அக்கா வேறொன்றைச் சொன்னாள். உதடு அப்படியே நின்றது. எனக்கு உயிர் போயிற்று. ஆனால் அக்கா நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு மறுபடியும் வசனத்துக்கு வந்தாள். உதடு ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் முழுசும். நடுவில் ஓர் இடத்தில்கூட யாரும் பேசுவதைக் கேட்கிற மாதிரி அவள் நிறுத்தவில்லை.

விளக்கு அணைந்ததும் கைதட்டினார்கள். அது நாடகத்துக்கா, மாமாவின் சாக்ஸுக்கா என்று சொல்ல முடியாத ஒரு கைதட்டல்.

திரை விழுந்த பிறகு மேடையில் எல்லாரும் ஈரத்தில் நின்றோம். மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கட்டைவிரலைச் சாக்ஸுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். டைரக்டர் ஏணியிலிருந்து இறங்கி வந்து அவர் எதிரே நின்றார்.

"நீங்க யாரு?"

"லிஃப்ட் மெக்கானிக் சார்."

"எனக்கு லிஃப்ட் இல்லையே."

"இவ வீட்டுக்காரர் சார்."

டைரக்டர் அக்காவைப் பார்த்தார். டேப் ரெக்கார்டர் ஓரத்திலிருந்து மெதுவாக ஓரடி முன்னால் வைத்தாள். சித்தி எப்படியோ மேடைக்கே ஏறி வந்திருந்தாள். அவள் வாயை நான் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

"ஆரம்பத்துலேர்ந்து இவருதான் எடுத்துக் குடுத்தாரா?"

"ஆமா சார்" என்றாள் அக்கா. ஈரத்தில் பல் அடித்துக்கொண்டது.

"கடைசிப் பக்கம்?"

மாமாதான் கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துகிற மாதிரி. நீலமாகிப்போன பேப்பர் இன்னும் அந்தக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது நான் இல்ல சார். எனக்கே தெரியாது அது. இதுல ஒண்ணும் இல்ல பாருங்க."

டைரக்டர் அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு டேப் ரெக்கார்டரிடம், "நடுவுல ஒரு இடத்துல மாத்திச் சொன்னாளே, எழுதினது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அவள் ஒப்பித்தாள்.

"நாளைக்கும் ஷோ இருக்கு" என்று அக்காவிடம் சொன்னார். "இன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லு." போகப் போனவர் என் முன்னால் நின்றார். "நீதானே டெய்லர்? அந்தச் சோபாவுக்கு நாளைக்குள்ள மானத்த மறைச்சு விடு. அடில ஆள் இருக்கக் கூடாது."

டேப் ரெக்கார்டர் ஓரடி பின்னால் போனாள். அக்கா அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் பதிலுக்கு அசைக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு நாங்கள் நாலு பேரும் மேடையிலேயே உட்கார்ந்தோம். பட்டியைச் சோபாவிலிருந்து கழற்றி, துண்டுகளைப் பிழிந்து, மடிப்பைப் பிடித்து, சித்தியும் நானும் கையாலேயே பட்டியில் சேர்க்க ஆரம்பித்தோம். சித்தி ஊசி கோக்க நூலை நாக்கில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்று, நூலை வெளியே இழுத்து உற்றுப் பார்த்து, ஒரு தடவை சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் கோத்தாள்.

"டாக்டரம்மாவுக்கு என்னடி சொல்றது?"

"உண்மையச் சொல்லுவோம் சித்தி."

"நீ சொல்லு. பல்லுல கை வைக்கிற ஆளுகிட்ட நான் சொல்லமாட்டேன்."

தைத்த பட்டியைச் சோபாவில் ஆணி வைத்து அடிக்க மாமா மறுபடி அடியில் போனார். அந்த வேலை அவரால்தான் முடியும். அக்கா ஒரு டவலைப் போர்த்திக்கொண்டு மேலே உட்கார்ந்து, முதல் சீனிலிருந்து தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஓர் இடத்தில் நின்றாள். அடியில் சுத்தியல் சத்தமும் நின்றது.

"நீங்க பேசாதீங்க" என்றாள் அக்கா.

"நான் பேசல" என்றது சோபா.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தோம். அவள் அடுத்த வரியைச் சொன்ன பிறகுதான் சுத்தியல் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.